வந்த பூனையை எங்கே கொண்டுபோய் விடுவது?

மாரி தொடங்கினால் மட்டக்களப்பு வாவிக் கரையில் வீடு தேடி வரும் பூனைகள் கூடிவிடும். விரட்டுவதா, வைத்துக்கொள்வதா, வேறெங்காவது கொண்டுபோய் விடுவதா என்று தடுமாறும் குடும்பங்களுக்காக, முதல் நாள் சோற்றிலிருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சை வரை ஒரு வழிகாட்டி.

மழை விடாமல் பெய்து, பள்ளக் காணிகளில் தண்ணீர் ஏறும் நாட்களில் நனைந்த பூனையொன்று குசினி வாசலில் வந்து நிற்பது மட்டக்களப்பில் எந்த வீட்டிலும் நடக்கும். களுதாவளையானாலும் ஆரையம்பதியானாலும் கல்லடியானாலும் அதைத் தொடர்ந்து எழும் பேச்சு ஒன்றுதான். "சோறு வைக்காத மனே, வைச்சா பிறகு போகாது" என்பார் அம்மா. "வந்த சீவன விரட்டப்படாது" என்பார் பெத்தா. பிள்ளைகள் பெத்தாவின் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு கிழமை போனதும் வீட்டில் மூன்றாவது யோசனை ஒன்று பிறக்கும்: சாக்கில் போட்டுச் சந்தையடியில் விட்டுவிடுவோம், மீன் கழிவு கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்.

அந்த மூன்றாவது யோசனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முதலில் பேசவேண்டியிருக்கிறது. உங்கள் வாசலுக்கு வந்த பூனையும் இன்னொரு வீட்டின் மூன்றாவது யோசனையால் வந்ததாக இருக்கலாம். சந்தையடி, கோயில் மண்டபம், பாடசாலை மதிலோரம், பாலத்தடி என்று ஊரெங்கும் குட்டிகள் இப்படியே இறக்கிவிடப்படுகின்றன. ஒரு வீட்டின் தொல்லை அடுத்த வீட்டுக்குக் கைமாறுகிறது. பூனையின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறைவதில்லை.

கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்?

பூனை தன் எல்லையை அறிந்து வாழும் விலங்கு. எங்கே தண்ணீர், எந்த வேலியில் பொட்டு, எந்த வளவில் நாய் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். தெரியாத இடத்தில் இறக்கிவிட்ட பூனைக்கு இந்த அறிவு ஒன்றும் உதவாது. சந்தையில் ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் அதை அடித்து விரட்டும். வீடு தேடி வீதிக்கு வந்தால் வாகனத்தில் அடிபடும். பால்குடி மறக்காத குட்டியானால் ஒரு இரவு மழைகூடத் தாங்காது. கழிவுமீன் இருக்கும் இடத்தில் பூனை பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தான்.

மனிதர் நடமாட்டம் இல்லாத கண்டல் காட்டிலோ வாவிக்குள் இருக்கும் தீவிலோ விடுவது இன்னும் கேடு. சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவியின் ஓரங்களிலும் தீவுகளிலும் நீர்ப்பறவைகள் கூடு வைக்கின்றன. பசித்த பூனை அவற்றின் குஞ்சுகளைத்தான் தேடும். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் வெளிச்சவீடு கட்டப்பட்டு 1894இல் ஆட்கள் குடியேறியபோது பூனையும் கூடவே போனது. வேறெங்கும் எஞ்சியிராத, பறக்கத் தெரியாத ஒரு சிறு குருவியினம் அந்தத் தீவில் வாழ்ந்தது. அங்கே பூனைகள் பெருகிய சில ஆண்டுகளுக்குள் அந்த இனமே அழிந்துபோனது. கோழிக்குஞ்சைப் பூனை தூக்கினால் நமக்குத் தெரிகிறது. கண்டலுக்குள் கொக்கின் குஞ்சைத் தூக்கினால் யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே வந்த பூனைக்கு நியாயமான வழிகள் மூன்றே. உரிய வீடு இருந்தால் அங்கே சேர்ப்பது. மனமறிந்து ஏற்கும் இன்னொரு வீட்டைத் தேடிக் கொடுப்பது. இரண்டும் முடியாவிட்டால் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து, அது நிற்கும் இடத்திலேயே பராமரிப்பது.

முதல் நாள்: கைவைக்க முன் கண்ணால் பாருங்கள்

வந்த பூனை எல்லாம் வீடற்ற பூனை அல்ல. நம் ஊர்களில் ஒரு பூனைக்கு மூன்று வளவுகளில் மூன்று பெயர் இருக்கும். உடம்பு தேறி, மயிர் மினுங்கி, மனிதரைக் கண்டு ஓடாமல் காலைச் சுற்றினால் அதற்கு எங்கோ ஒரு வீடு இருக்கக்கூடும். கடதாசித் துண்டொன்றை நீளமாக வெட்டி, "இந்தப் பூனை உங்களுடையதா?" என்று எழுதி, தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து, தளர்வாகக் கழுத்தில் சுற்றி முனையை ஒட்டிவிடுங்கள். கொப்பில் சிக்கினால் கிழிந்துபோகக்கூடிய கடதாசிதான் வேண்டும்; நூலும் இறப்பர் வளையமும் கழுத்தை நெரிக்கும். வீடு இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அழைப்பு வரும்.

வந்தது பெட்டையானால் அதன் வயிற்றைக் கவனியுங்கள். முலைக்காம்புகளைச் சுற்றி மயிர் உதிர்ந்து, காம்பு சிவந்து புடைத்திருந்தால் அது பால் கொடுக்கும் தாய். விறகு அடுக்கிலோ, கவிழ்த்து வைத்த தோணிக்கடியிலோ, கூரைக்குள்ளோ குட்டிகள் காத்திருக்கும். அந்தத் தாயை அறைக்குள் அடைத்தாலோ தூரத்தில் கொண்டுபோய் விட்டாலோ குட்டிகள் பசியில் செத்துப்போகும்.

குட்டிகளை மட்டும் கண்டாலும் உடனே தூக்கவேண்டாம். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். நனையாத இடமாக இருந்தால், குட்டிகளைச் சுற்றிச் சிறிது கோதுமை மாவை வட்டமாகத் தூவிவிட்டு விலகி நில்லுங்கள். சில மணி நேரம் கழித்து மாவில் கால்தடம் இருந்தால் தாய் வந்து போகிறது. தடமே இல்லாமல் குட்டிகள் குளிர்ந்து, இடைவிடாமல் கத்தினால்தான் கையில் எடுக்கவேண்டும்.

எடுத்த குட்டிக்கு முதல் தேவை சூடு. பால் அதற்குப் பிறகுதான். குளிர்ந்த குட்டிக்குப் பால் சமிக்காது. வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர இடமிருக்கட்டும். கண் திறக்க 7 முதல் 14 நாள் எடுக்கும். பால்பல் மூன்றாவது கிழமையளவில் முளைக்கும். இந்த இரண்டையும் வைத்து வயதைக் கணிக்கலாம். கண் திறக்காத குட்டிக்கு இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கவேண்டும். குட்டியைக் குப்புறக் கிடத்தித்தான் பால் புகட்டவேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் பின்புறத்தை மெதுவாகத் துடைத்துவிட்டால்தான் சிறுநீரும் மலமும் போகும். தாயின் நாக்கு செய்யும் வேலை அது.

என்ன கொடுப்பது?

வாவிக்கரை வீட்டில் பூனைக்குச் சாப்பாடு தேடி அலையவேண்டியதில்லை. கொடுக்கும் விதத்தில்தான் கவனம் தேவை. வெறும் சோறும் பாலும் போட்டு வளர்க்கும் பூனை நாளடைவில் நலிந்துபோகும். டோரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு தயாரிப்பதில்லை. மாமிச உணவிலிருந்துதான் அது பெறவேண்டும். அந்தச் சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் வீங்கித் தளரும் என்று 1987இலும் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மீனிலும் இறாலிலும் இந்தச் சத்து உண்டு. அவிக்கும்போது பெருமளவு தண்ணீரில் கரைந்துவிடும். ஆகவே மீனை உப்பும் தூளும் போடாமல் அவித்து, முள் எடுத்து, அவித்த தண்ணீரோடேயே சோற்றில் பிசைந்து வையுங்கள். இறால் உரிக்கும் நாளில் தலைகளை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றினாலும் நல்லது.

பச்சை மீனையே நாள்தோறும் போடுவதும் சரியில்லை. பல மீன்களின் பச்சைச் சதையில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. நாட்கணக்கில் அதை மட்டும் தின்னும் பூனை தள்ளாடும், வலிப்பும் வரும். அவித்தால் அந்தப் பொருள் செயலிழக்கும். ஆணத்தில் கிடந்த மீனைக் கொடுக்கவேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் சமிக்காமல் வயிற்றோட்டம் வரும். சிரட்டையில் நல்ல தண்ணீர் போதும். நெடுநாள் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே வயிறு நிறையப் போடாமல், சிறிது சிறிதாக நாலைந்து தடவை கொடுங்கள்.

கரையோர வீடுகள் மூன்று ஆபத்துகளை அறிந்திருக்கவேண்டும். வலையில் பட்டுக் கரையில் வீசப்படும் பேத்தை மீனின் நஞ்சு மனிதரைக் கொல்வதுபோலவே பூனையையும் கொல்லும். அதை மண்ணில் புதைத்துவிடவேண்டும். கெளிற்றின் முள் தொண்டையில் குத்தினால் தானாக வராது. தூண்டில் இரையை விழுங்கிய பூனையின் வாயில் தங்கூசி தொங்கினால் எக்காரணம் கொண்டும் இழுக்கக்கூடாது. உள்ளே முள் குடலைக் கிழிக்கும். தங்கூசியை வெட்டாமல் அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும்.

அன்பால் கொடுக்கும் நஞ்சு

பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. மனிதரின் ஈரல் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலுக்கு இல்லை. 500 மில்லிகிராம் வில்லை ஒன்றே உயிரைப் பறிக்கும். முரசு மண்ணிறமாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிப் பூனை சாகும். கொடுத்தவர்கள் காய்ச்சலால் செத்தது என்றே நம்புவார்கள்.

தெள்ளுக்காக நாய்களின் முதுகில் விடும் மருந்துகள் சிலவற்றில் பேர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது வலிப்பை வரவழைக்கும். டெட்டோல் போன்ற கிருமிநாசினி கலந்து குளிப்பாட்டினால், பூனை தன் உடலை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். குட்டியின் தெள்ளை நெருக்கமான சீப்பால் வாரிச் சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்துவதே பாதுகாப்பு. எலிமருந்து வைக்கும் வீட்டில், அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பூனை பிடித்தால் பூனையும் உள்ளே இரத்தம் கசிந்து சாகும். படுவான்கரையின் நெற்களஞ்சிய வீடுகளில் எலிக்காகத்தான் பூனை வளர்க்கிறார்கள். ஒரே வீட்டில் பூனையும் எலிமருந்தும் சேர்ந்திருக்க முடியாது.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் வந்ததை இரண்டு கிழமையாவது வேறு அறையில் வையுங்கள். பூனைகளுக்கு வரும் கடும் வயிற்றோட்ட வைரசு, நோயாளிப் பூனை கிடந்த தரையிலும் துணியிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். சவர்க்காரம் அதைக் கொல்லாது. குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தால் தரையைக் கழுவி, உலர்ந்தபின் பூனையை விடவேண்டும்.

கடித்தால், கீறினால்

விசர்நோய் நாயால் மட்டும் வருவதில்லை. இலங்கையில் மனிதருக்கு அதைக் கொண்டுவருவதில் நாய்க்கு அடுத்த இடம் பூனைக்கு. 1973இல் இந்த நோயால் நாட்டில் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டும், கடிபட்டவர்களுக்கு இலவச ஊசி கொடுத்தும் அந்த எண்ணிக்கையை அண்மைய ஆண்டுகளில் சில பத்துகளாகக் குறைத்திருக்கிறார்கள். எஞ்சிய மரணங்களில் பெரும்பாலானவை ஊசிக்கு நேரத்தோடு போகாததால் நேர்ந்தவை.

தெரியாத பூனை கடித்தாலோ, இரத்தம் வரக் கீறினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ கோப்பித்தூளோ பூசவேண்டாம். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வரமுடியாவிட்டால் கிட்டிய ஆதார வைத்தியசாலைக்குப் போய்க் கேளுங்கள். பூனைக்கு ஊசி போட்டதா, இப்போது எங்கே நிற்கிறது என்பதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். அதைக் கொண்டுதான் சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள். கடித்த பூனையை அடித்துக் கொல்லாமலும் விரட்டாமலும் 14 நாள் கண்காணிப்பில் வைத்திருப்பது மனித உயிருக்கு உதவும். குரல் மாறி, வாயில் நீர் வடிந்து, பின்னங்கால் இழுபட்டு, காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கும் பூனையை நெருங்கவேண்டாம். அது செத்தால் கையால் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். குறிப்பாகப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கவேண்டும்: பூனை கீறியதை ஒளிக்கக்கூடாது, சொன்னால் அடி விழாது.

கர்ப்பிணி உள்ள வீட்டில் பூனையே ஆகாது என்று துரத்துகிறார்கள். அஞ்சவேண்டிய டொக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளிவந்தாலும், ஒருநாளேனும் கடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகிறது. மலத்தை நாள்தோறும் வேறொருவர் அகற்றினால், கர்ப்பிணி தோட்ட மண்ணைத் தொட்டபின் கைகழுவினால், இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

அது காட்டுப் பூனையின் குட்டியாக இருந்தால்?

இலங்கையில் சிறுத்தையோடு சேர்த்து நான்கு வகைக் காட்டுப் பூனையினங்கள் வாழ்கின்றன. அவற்றில் மீன்பிடிப் பூனை, சதுப்பிலும் கண்டலிலும் நீரோரத்திலும் இரை தேடுவது. அறுவடை நேரத்திலும் பற்றை வெட்டும்போதும் இதன் குட்டிகள் கைக்கு அகப்படும். சாம்பல் கலந்த உடலில் நிரை நிரையாகக் கரும்புள்ளி, கட்டையான தடித்த வால், தலையிலிருந்து முதுகுக்கு ஓடும் கோடுகள் என்றிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவரவேண்டாம். தாய் இரவில் வந்து தூக்கிப்போகும். ஆபத்தான இடமானால் 1992 என்ற இலக்கத்தில் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். மீன்பிடிப் பூனை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு, வளர்ப்பது குற்றம்.

சோறு வைத்தால் கருத்தடையும் செய்யவேண்டும்

நான்கு மாதத்துப் பெட்டைக்குட்டி நம் கண்ணுக்குக் குழந்தை. அந்த வயதிலேயே அது சினைப்படக்கூடும். ஒன்பது கிழமையில் குட்டி போடும். பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு மூன்று நாலு குட்டி. இரக்கப்பட்டு ஒரு பூனைக்குச் சோறு வைத்த வீட்டு வளவில் இரண்டு ஆண்டில் ஒரு கூட்டமே நிற்கும். பிறகு அதே வீடு சாக்கோடு சந்தைக்குப் போகும். இரக்கத்தில் தொடங்கியது கொடுமையில் முடிவதற்கு இடையில் தவறவிட்டது ஒரே ஒரு சத்திரசிகிச்சைதான்.

பெட்டைக்குக் கருப்பையையும் சூலகத்தையும் அகற்றுவார்கள். பத்துப் பதினான்கு நாளில் காயம் ஆறிவிடும். கடுவனுக்கு அதைவிட எளிது. விதை எடுத்த கடுவன் இரவெல்லாம் கத்துவதும், சண்டைபிடித்துச் சீழ்க்கட்டியோடு வருவதும், வாசலில் மூத்திரம் தெளிப்பதும் பெரிதும் குறையும். செலவு குறைவென்று சிலர் மாதக்கணக்கில் கருத்தடை ஊசி போடுவிக்கிறார்கள். அந்த ஓமோன் ஊசியைத் தொடர்ந்து போட்டால் கருப்பையில் சீழும் முலையில் புற்றும் வரும் ஆபத்துக் கூடும். ஒருமுறை சத்திரசிகிச்சை செய்வதே மேல்.

கைக்கு வராத பூனையைப் பிடிக்க, நாலைந்து நாள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சோறு வைத்துப் பழக்குங்கள். பிறகு கூட்டுக்குள் வையுங்கள். கூடு இல்லாவிட்டால் பழம் ஏற்றும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை எதிரெதிராகக் கவிழ்த்துக் கட்டி, மேலே துணி போர்த்தி ஓட்டோவில் கொண்டுபோகலாம். இருட்டில் பூனை அடங்கிக் கிடக்கும். மயக்கம் கொடுக்க முன் எத்தனை மணி நேரம் பட்டினி போடவேண்டும் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சை நாளில் விசர்நோய்த் தடுப்பூசியையும் போடமுடியுமா என்று விசாரியுங்கள். அந்த ஊசி ஆண்டுக்கொருமுறை தேவை. காது நுனியில் சிறிது வெட்டி அடையாளம் இடச் சொன்னால், அடுத்த வளவுக்காரர் அதே பூனையை மறுபடியும் பிடித்து அலையவேண்டியிராது.

ஊர் சேர்ந்தால் முடியும்

வந்த பூனையைப் பராமரிக்கும் கடமை நமக்குப் புதிதாக வந்ததில்லை. பூனைக்குத் தீனியும் கொடாமல், இரை தேட வெளியேயும் விடாமல் அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளான ஹதீஸைக் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சிறுவர்களும் அறிவார்கள். வந்த சீவனைப் பட்டினி போடாதே என்று சொல்லித்தான் கோயிலடி ஊர்களின் பெத்தாமார் பிள்ளை வளர்த்தார்கள். மிருகவதையை இந்த நாட்டின் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கியது. அன்று விதித்த அதிகபட்சத் தண்டப்பணம் 100 ரூபாய். அந்தத் தொகைக்கு இன்று யாரும் அஞ்சப்போவதில்லை. ஆகவே சட்டத்துக்காகக் காத்திருக்காமல் அயலவர்கள்தான் தொடங்கவேண்டும்.

சத்திரசிகிச்சைச் செலவு ஒரு மீனவக் குடும்பத்துக்குப் பெரிது. ஐந்து வீடு சேர்ந்து ஒரு பூனைக்குப் பொறுப்பெடுத்தால் அது தாங்கக்கூடிய தொகை. அந்த ஐந்து வீட்டுக்கும் பொதுவான பெட்டைப் பூனைக்கு முதலில் செய்யுங்கள்; எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது பெட்டைக்குச் செய்யும் கருத்தடைதான். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பூனைகளுக்கும் தடுப்பூசி, கருத்தடை முகாம் ஒன்று வேண்டும் என்று கேட்கட்டும். தனி ஆள் கேட்டால் சாட்டுச் சொல்லி அனுப்பலாம். முப்பது வீட்டின் கையெழுத்தோடு போகும் கடிதத்துக்குப் பதில் எழுதியே ஆகவேண்டும். மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் நமக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வீதிக்கும் வடிகானுக்கும் ஒதுக்குவதுபோல் இதற்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கும்படி அவர்களிடம் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை; விசர்நோய் மனித உயிரைக் கொல்லும் நோய்.

இந்த மாரியிலும் பூனை வரும். சோறு வைக்கலாமா என்று கேட்கும் அம்மாமாருக்கு இந்தக் கட்டுரையின் பதில்: வையுங்கள். வைத்த அன்றைக்கே பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டு, ஊசிக்கும் கருத்தடைக்கும் யார் யார் எவ்வளவு போடுவது என்றும் பேசி முடியுங்கள்.